பேரு பெத்த பேரு! சென்னைப் பேட்டைகளும் நம்ம ஆட்களும்

நம் கல்லூரிக்காரர்கள் நாலு பேர் சென்னையில் கூடினால் பேச்சு எப்படிப் போகும் என்பது எனக்கு மனப்பாடம். முதலில் ஹாஸ்டல் மெஸ் சாம்பார். அடுத்து, யார் எந்தக் கம்பெனியில் இருக்கிறார் என்ற விசாரணை. அதற்கப்புறம், "வீடு எங்கே வாங்கியிருக்கே?" இந்தக் கேள்வி விழுந்தால் போதும், பட்டிமன்றம் களைகட்டிவிடும். அண்ணா நகர்க்காரர் வேளச்சேரியைப் படகுத்துறை என்பார். வேளச்சேரிக்காரர் தி. நகரைப் பார்த்து, "அது குடியிருப்பா, சந்தையா?" என்பார். "எங்க ஓ.எம்.ஆர். பக்கம் வாங்க, நல்லா காத்து வாங்கலாம்" என்று ஒருவர் சொன்னால், "காத்து மட்டுமா வாங்குறீங்க? தண்ணியையும்தானே வாங்குறீங்க!" என்று இன்னொருவர் காலை வாருவார்.

இந்தப் பட்டிமன்றத்தில் தீர்ப்பு வந்து நான் பார்த்ததில்லை. வரவும் வராது. பேசுகிற ஒவ்வொருவரும் இருபது வருஷத் தவணைக்குக் கையெழுத்துப் போட்டவர்கள். தன் பேட்டைக்குப் பேர்தான் பெரிசு என்று ஒப்புக்கொள்ள யாருக்கு மனசு வரும்? ஆகவே, வாதி பிரதிவாதிகளை விட்டுவிட்டுச் சரித்திரத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்றலாம் என்று நினைத்தேன். ஒரு பேட்டைக்குப் பேர் எப்படி வந்தது? வந்த காரணம் இன்னும் இருக்கிறதா? இந்த இரண்டு கேள்விதான்.

நம் கரிசல் காட்டில் தமிழும் தெலுங்கும் கலந்து புழங்குவது உங்களுக்குத் தெரியும். "பேரு பெத்த பேரு, தாக நீலு லேது" என்ற தெலுங்குச் சொலவடை தமிழ் பேசுகிற வீடுகளிலும் சர்வசாதாரணம். பேரோ பெரிய பேர், குடிக்கத் தண்ணி இல்லை என்று அர்த்தம். மானம் பார்த்த பூமிக்காரர்களுக்கு இதன் அருமை புரியும். இதையே அளவுகோலாக வைத்துக்கொண்டு சென்னையை ஒரு சுற்று சுற்றி வருவோம்.

பாளையம் போனது, பட்டி நகரானது

புறப்படும் முன் நம் மண்ணிலேயே ஒரு நிமிஷம். நான் ஏழாயிரம்பண்ணைக்காரன். சென்னையில் ஊர்ப் பேரைச் சொன்னால் "அது எங்கே சார்?" என்பார்கள். சாத்தூர், கோவில்பட்டி, சிவகாசி என்று மூன்று ஊரைத் துணைக்கு அழைத்தால்தான் விளங்கும். தீப்பெட்டியும் பட்டாசும் செய்து பிழைக்கிற ஊர் என்று முடித்துக்கொள்வார்கள். ஆனால் 1799 வரை ஏழாயிரம்பண்ணை ஒரு பாளையத்தின் தலைமையிடம். அந்த ஆண்டு அக்டோபரில் கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். பாஞ்சாலங்குறிச்சியோடு சேர்த்துக் கும்பெனியார் பறித்த பாளையங்களில் ஏழாயிரம்பண்ணை, நாகலாபுரம், கோலார்பட்டி, காடல்குடி, குளத்தூர் எல்லாம் உண்டு. பாளையம் போனதோடு ஊரின் மதிப்பும் போனது. மண்ணும் கண்மாயும் மனிதர்களும் அப்படியேதான் இருந்தார்கள்.

இதற்கு நேர்மாறான கதையும் பக்கத்திலேயே இருக்கிறது. வியாபாரத்தில் கொடிகட்டிப் பறந்த விருதுபட்டி, 1923இல் விருதுநகர் என்று பேர் மாற்றிக்கொண்டது. "பட்டி" என்றால் சின்ன ஊர் என்கிற நினைப்பு. "நகர்" என்றதும் ஒரு மிடுக்கு. அந்த 1923ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் இன்னும் இரண்டு முறை வரப்போகிறது.

முதல் மார்க் போட்டவன் வெள்ளைக்காரன்

சென்னைப் பேட்டைகளுக்கு முதலில் மார்க் போட்டது கிழக்கிந்தியக் கும்பெனி. 1639இல் இடம் கிடைத்துக் கோட்டை எழும்பியது. கோட்டைக்குள் வெள்ளையர் பட்டணம், வெளியே வடக்கில் கறுப்பர் பட்டணம். தோல் நிறத்தைப் பார்த்துப் போட்ட மார்க் அது! 1746 முதல் 1749 வரை பிரெஞ்சுக்காரர் கையில் ஊர் இருந்தது. அதன் பிறகு, கோட்டைச் சுவரை ஒட்டி வீடுகள் இருந்தால் எதிரிக்கு மறைவிடமாகிவிடும் என்ற பயத்தில் பழைய கறுப்பர் பட்டணம் ஒழிக்கப்பட்டது. 1892இல் திறக்கப்பட்ட உயர் நீதிமன்றம் நிற்பது அந்த இடத்தில்தான். மக்கள் இன்னும் வடக்கே தள்ளிப்போய்க் குடியேறிய புதிய கறுப்பர் பட்டணம், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜார்ஜ் டவுன் ஆனது.

அமைதி திரும்பியதும் துரைமார்கள் கோட்டையை விட்டு வெளியே வந்தார்கள். நுங்கம்பாக்கம், எழும்பூர், சேத்துப்பட்டு, அடையாறு என்று தோட்ட பங்களாக்கள் கட்டிக்கொண்டார்கள். இன்றைக்கும் சென்னையில் விலை அதிகமான இடங்களின் பட்டியலை எடுத்துப் பாருங்கள், இந்தப் பேர்கள் இருக்கும். துரைமார்கள் 1947இல் கப்பலேறிவிட்டார்கள். அவர்கள் போட்ட மார்க் மட்டும் கப்பலேறவில்லை.

ஏரிக்குள் எழுந்த நகர்

அடுத்து மார்க் போட்டவர்கள் நம்மவர்கள். 1920இல் நகரமைப்புச் சட்டம் வந்தது. நீதிக்கட்சி ஆட்சி. நடுத்தர வர்க்கத்துக்கு நல்ல வீட்டுமனைகள் வேண்டும் என்று 1923ஐ ஒட்டி மாம்பலத்தில் வேலை தொடங்கினார்கள். 1925இல் மறைந்த சர் பிட்டி தியாகராயர் பேரால் அது தியாகராய நகர் ஆனது. நடுவில் பனகல் பூங்கா. அதிலிருந்து கிளை பிரியும் சாலைகள். உஸ்மான் சாலை, நடேசன் பூங்கா என்று பேர்களைப் படித்தாலே நீதிக்கட்சியின் வருகைப் பதிவேட்டைப் படித்த மாதிரி இருக்கும். நாம் பாண்டி பஜார் என்று சொல்வதும் பட்டிவீரன்பட்டி டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார் பேரில் அமைந்த அங்காடிதான். 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும், மாம்பலம் ஸ்டேஷனுக்குக் கிழக்கே இருந்த தி. நகருக்கு ஏறுமுகம். அதே ஸ்டேஷனுக்கு மேற்கே இறங்கினால் மேற்கு மாம்பலம். கொசுவுக்கும் யானைக்கால் நோய்க்கும் பேர் போனது என்று ரொம்ப நாள் கேலி பேசினார்கள். இடையில் இருந்தது ஒரு தண்டவாளம்!

ஆனால் தி. நகர் எதன் மேல் கட்டப்பட்டது என்பதுதான் முக்கியம். அங்கே ஒரு பெரிய ஏரி இருந்தது. நுங்கம்பாக்கம் ஏரியும் மயிலாப்பூர் ஏரியும் சேர்ந்து, சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்ததால் வெள்ளைக்காரர்கள் அதை "நெடிய ஏரி" என்றே அழைத்தார்கள். (கபாலீசுவரர் கோயில் தெப்பக்குளம் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) மயிலாப்பூர் ஏரியைத் தூர்த்துத் தி. நகர் வந்தது. மிச்சமிருந்த நுங்கம்பாக்கம் ஏரிப் பகுதியில் 1976இல் வள்ளுவர் கோட்டம் திறக்கப்பட்டது. அதன் சுற்றுவட்டாரத்தில் "லேக் ஏரியா" என்றும் "டேங்க் பண்ட் ரோடு" என்றும் தெருப்பேர்கள் இன்னும் இருக்கின்றன. மேற்கு மாம்பலத்தில் "லேக் வியூ ரோடு" உண்டு. சாலைக்குப் பேர் இருக்கிறது, பார்க்கத்தான் ஏரி இல்லை.

நான் சிவில் படித்தவன் என்பதால் இங்கே கொஞ்சம் பாடம் நடத்துகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நம்ம ஊர்க் கண்மாயை நினைத்துக்கொள்ளுங்கள். மேட்டிலிருந்து வரத்துக்கால் வழியே தண்ணீர் வரும். பள்ளத்தில் கரை கட்டித் தேக்குவோம். நிறைந்ததும் கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். கரையை வெட்டி, உள்வாயை மனை போட்டு விற்றுவிட்டால் என்ன ஆகும்? மேடு மேடாகவே இருக்கும், பள்ளம் பள்ளமாகவே இருக்கும். வரத்து நிற்காது. மறுகால் மட்டும் காணாமல் போயிருக்கும். தி. நகருக்கு இன்று மறுகால் என்றால் மாம்பலம் கால்வாய் ஒன்றுதான். அது நந்தனம் பக்கம் அடையாற்றில் போய்ச் சேர வேண்டும்.

கணக்கும் போட்டுப் பார்ப்போம். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் 1 செ.மீ. மழை என்றால் 1 கோடி லிட்டர். 2021 நவம்பர் 7ஆம் தேதி காலை வரையான 24 மணி நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் சுமார் 21 செ.மீ. பதிவானது. ஆக, சதுர கிலோமீட்டருக்கு 21 கோடி லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் அள்ளினால் 17,500 நடை! அந்த முறை தி. நகர்த் தெருக்களில் தண்ணீர் நாள்கணக்கில் நின்றதைப் பார்த்து, "இவ்வளவு பெரிய ஏரியாவிலேயே இப்படியா?" என்று டி.வி.யில் ஆச்சரியப்பட்டார்கள். ஏரியாவில் ஏரி வந்ததில் என்ன ஆச்சரியம்?

வியாபாரத் தலமாகத் தி. நகரின் பேர் நியாயமானது. தென்மாவட்டத்துக் கடைக்காரர்கள் ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் உழைத்துச் சம்பாதித்த பேர் அது. ஆனால் குடியிருக்கும் இடம் என்று அது வாங்கிய பேர், 1920களில் பெரிய மனையும் சின்ன ஜனத்தொகையுமாக இருந்த காலத்தில் வாங்கியது. அந்தத் தி. நகர் இன்றில்லை. விலை மட்டும் அந்தத் தி. நகருக்கே கேட்கிறார்கள்.

கண்காட்சி முடிந்தது, நகர் நின்றது

1968இல் சென்னையில் உலக வர்த்தகக் கண்காட்சி நடந்தது. நடுவக்கரை, முள்ளம் என்ற கிராமங்கள் இருந்த இடம். அங்கே 135 அடி உயரத்தில் ஒரு கோபுரம் கட்டி, பொறியாளர் விசுவேசுவரய்யா பேரை வைத்தார்கள். நம் தொழிலுக்குக் கிடைத்த மரியாதை, சந்தோஷம்! கண்காட்சி முடிந்தபின் வீட்டு வசதி வாரியம் அந்தப் பகுதியை வளர்த்தெடுத்தது. 1969இல் மறைந்த அண்ணாவின் பேர் நிலைத்தது.

அண்ணா நகருக்குப் பேர் வந்தது டவரால் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த டவரில் ஏற 2011 முதல் பொதுமக்களை விடவில்லை. 2023இல்தான் மறுபடி திறந்தார்கள். இடைப்பட்ட பன்னிரண்டு வருஷமும் ஏறாமல் இருந்தது நாம்தான், விலை ஏறிக்கொண்டேதான் இருந்தது. உண்மையான காரணம் காகிதத்தில் போட்ட பிளான். முதலில் அகலமான அவென்யூக்கள், பூங்காவுக்கு இடம், பள்ளிக்கு இடம், பிறகுதான் வீடு. 2017இல் மெட்ரோ வந்தபோது தோண்டுவதற்கு அகலமான சாலை தயாராக இருந்தது. அங்கேயும் மழைக்கு மூழ்குகிற தெருக்கள் உண்டு. கேட்கிற விலையும் அநியாயம். ஆனால் பேர் வந்த காரணம் ஐம்பது வருஷத்துக்கு மேலாகியும் பெருமளவு அப்படியே இருக்கிறது. அண்ணா நகர்க்காரர்களுக்கு என் பாராட்டு, பாதி மனசோடு!

பஸ் ஸ்டாண்டு எங்கே, நாம் அங்கே

நம்ம ஆட்கள் சென்னையில் குடியேறிய வரலாற்றைப் பஸ் ஸ்டாண்டை வைத்தே எழுதிவிடலாம். கொத்தவால் சாவடியில் மொத்த மார்க்கெட்டும் பிராட்வேயில் வெளியூர் பஸ்ஸும் இருந்த காலத்தில், ஊரிலிருந்து வந்தவனுக்கு முதல் முகவரி பாரிமுனைதான். தங்குவது, வியாபாரம், தீபாவளிக்குப் பட்டாசு விற்பது எல்லாம் அந்தச் சுற்றுவட்டாரத்தில். 1996இல் மார்க்கெட் கோயம்பேட்டுக்குப் போனது. 2002இல் பஸ் ஸ்டாண்டும் அங்கேயே போனது. அரும்பாக்கம், விருகம்பாக்கம், வடபழனி எல்லாம் நம்மவர்களுக்குச் சொந்த ஊர் மாதிரி ஆயின. "பஸ்ஸை விட்டு இறங்கினா பத்து நிமிஷத்துல வீடு" என்பதுதான் அப்போது பெரிய தகுதி.

2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் நிலையம் திறந்தார்கள். தெற்கே போகும் பஸ்கள் அங்கே மாறின. உடனே வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று நம்ம ஆட்களின் பேச்சு திரும்பிவிட்டது. ஒரு பஸ் ஸ்டாண்டை நம்பி வந்த மதிப்பு, அந்தப் பஸ் ஸ்டாண்டோடு போய்விடும் என்பதைக் கோயம்பேட்டுக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

கம்ப்யூட்டர் போட்ட மார்க்

2000ஆவது ஆண்டு தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்டது. பழைய மகாபலிபுரம் சாலை "ஓ.எம்.ஆர்." ஆனது. 2007இல் பறக்கும் ரயில் வேளச்சேரி வரை வந்தது. இருபது வருஷத்துக்குள் வயல், ஏரி, சதுப்பு எல்லாம் அடுக்குமாடி. நம் கல்லூரியில் படித்தவர்களில் பாதிப் பேர் இந்தப் பக்கம்தான் இருப்பார்கள் என்று நினைக்கிறேன், ஆகவே கொஞ்சம் மெதுவாகச் சொல்கிறேன்.

வேளச்சேரி பழைய கிராமம். தண்டீசுவரர் கோயிலும் பெரிய ஏரியும் அதன் சொத்து. ஏரியின் உபரி பள்ளிக்கரணைச் சதுப்புக்குப் போகும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய், பிறகு கடல். தென்சென்னைக்கே பள்ளிக்கரணைதான் கலுங்கு. 2022இல் அதற்கு ராம்சார் என்ற சர்வதேச அந்தஸ்து கிடைத்தபோது மிஞ்சியிருந்து பட்டியலில் ஏறிய பரப்பு சுமார் 1,248 ஹெக்டேர். மற்றதன் மேல் நாம் இருக்கிறோம். 2005, 2015, 2023 என்று வேளச்சேரி மூழ்கிய வருஷங்களை அங்கே இருப்பவர்கள் பிள்ளைகளின் பிறந்த வருஷம் போல ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

வெள்ளம் ஒரு பக்கம் என்றால் வறட்சி மறுபக்கம். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் ஏறக்குறைய வறண்டன. ஓ.எம்.ஆர். கம்பெனிகள் சில, ஆட்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லின. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வந்தது, வரவேற்பு கொடுத்தோம். மேலே சொன்ன 21 கோடி லிட்டர் கணக்கை இதனோடு ஒட்டிப் பாருங்கள். 84 ரயில் தண்ணீர் ஒரே நாளில் ஒரு சதுர கிலோமீட்டரில் வானத்திலிருந்து இலவசமாக விழுந்தது. பிடித்துவைக்க ஏரி இல்லாததால் அதை வெள்ளம் என்று சொல்லிக் கடலுக்கு அனுப்பினோம். "தாக நீலு லேது" என்பது இங்கே அட்சரம் பிசகாமல் பொருந்துகிறது. பேருக்கும் மண்ணுக்கும் மிகப் பெரிய இடைவெளி இந்தப் பக்கம்தான் என்பது என் தீர்ப்பு.

நாம் எட்டிப் பார்க்காத விம்கோ நகர்

பட்டிமன்றத்தில் ஒரு தடவைகூடப் பேர் வராத திசை ஒன்று உண்டு: வடசென்னை. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் ராயபுரத்திலிருந்துதான் கிளம்பியது. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது பெரம்பூர் மில் தொழிலாளர்களிடையேதான். 2021 பிப்ரவரியில் மெட்ரோ திருவொற்றியூர் தாண்டி விம்கோ நகர் வரை போனது.

விம்கோ என்ற பேர் நம்ம பக்கத்துப் பெரியவர்களுக்கு மறக்காது. ஸ்வீடன்காரர்கள் 1923இல் இந்தியாவில் தொடங்கிய தீப்பெட்டிக் கம்பெனி அது. அதே 1923இல்தான், கல்கத்தா போய்த் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினார்கள். அவர்களுடையது மெஷின் தீப்பெட்டி, நம்முடையது கைத்தீப்பெட்டி. பல பத்தாண்டுப் போட்டி. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி, ஏழாயிரம்பண்ணை வீடுகளில் அடைத்த பெட்டிகள், குறைந்த கலால் வரியின் துணையோடு மெஷினோடு மல்லுக்கு நின்றன. அந்தக் கம்பெனியின் சென்னை ஆலை இருந்த இடம்தான் விம்கோ நகர். நம் தொழிலின் மறுபாதிச் சரித்திரம் அங்கே ஸ்டேஷன் பேராக எழுதியிருக்கிறது. நம்ம ஆள் ஒருத்தர்கூட அங்கே மனை விலை கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை.

ஏன்? கறுப்பர் பட்டணத்துக்கு அன்று போட்ட மார்க்கை யாரும் திருத்தவில்லை. ஆண்டவர்கள் வீடு கட்டிக்கொண்ட பக்கம் பூங்காவும் அகலச் சாலையும் போயின. வடக்கே மணலி சுத்திகரிப்பு ஆலை, எண்ணூர் அனல் மின் நிலையம், கொடுங்கையூர்க் குப்பைமேடு போயின. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் மிதந்ததையும் மறைக்க முடியாது. அங்கே எல்லாம் சுகம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் வடசென்னையின் குறைகள் பெரும்பாலும் நகரத்தின் மற்றப் பகுதிகள் தங்களுக்கு வேண்டாமென்று அங்கே அனுப்பியவை. அதன் கெட்ட பேரில் பாதி, நம்முடைய நல்ல பேருக்குக் கொடுத்த விலை.

தம்பி தங்கைகளுக்கு

இந்த மலரைப் படிக்கும் மாணவர்களில் பலர் நாளைக்குச் சென்னைக்கு பஸ் ஏறப்போகிறவர்கள். சீனியர்கள் ஆளுக்கொரு பேட்டையைச் சிபாரிசு செய்வார்கள். பேரைக் கேட்டு மயங்காதீர்கள். அந்த இடத்துக்கு முன்பு என்ன பேர் என்று விசாரியுங்கள். ஏரி, தாங்கல், மடுவு, கரணை என்று ஏதாவது காதில் விழுந்தால் கிராமத்துப் பழைய புலப்படத்தை ஒருமுறை கேட்டு வாங்கிப் பாருங்கள். வில்லங்கச் சான்றில் நிலத்தின் கடன் தெரியும்; புலப்படத்தில்தான் தண்ணீரின் உரிமை தெரியும். சித்திரையில் ஒரு தடவை, ஐப்பசி அடைமழையில் ஒரு தடவை அந்தத் தெருவில் நடந்துவிட்டு அப்புறம் அட்வான்ஸ் கொடுங்கள்.

அதுவரை வாடகை வீடு கௌரவக் குறைச்சல் என்று நினைக்க வேண்டாம். விருதுநகரில் பிறந்து, 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்த காமராஜர், 1975 அக்டோபர் 2ஆம் தேதி கண்மூடியது தி. நகர் திருமலைப் பிள்ளை சாலையில் இருந்த வீட்டில். அது வாடகை வீடுதான். இன்று நினைவில்லமாக இருக்கிறது. சென்னைக்கு வந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கி நடக்கிற தூரம்தான். மழைக்காலம் என்றால் மட்டும் பேண்ட்டை மடித்து விட்டுக்கொள்ளுங்கள்.